நீங்க போங்க

"நீங்க போங்க, நான் பின்னாலயே வாரேன்" என்று சொல்லிச் சொல்லியே வாழ்ந்த அந்த மனிதர் ஒருநாளும் பின்னாலேயே வந்ததில்லை.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகம் இல்லை, கைதான். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்குவார். உள்ளங்கை கீழே பார்க்கும். நாலு விரலையும் சேர்த்து மடக்கி மடக்கி விரிப்பார். போங்க, போங்க, எனக்காக நிக்காதீங்க என்று அர்த்தம். ஊர் உலகத்தில் மற்ற எல்லாருக்கும் அது வா என்று கூப்பிடுகிற கை. இவருக்கு மட்டும் அது போ.

பெயர் வேண்டாம். வளைகுடாவில், மனாமா நகரத்துக் குதைபியாவில், நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் எதிர் ஃபிளாட்காரர். நாங்கள் சாமான் இறக்கிய அன்றைக்கே டிபன் கேரியரில் சொதியும் இடியாப்பமும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி கெடையாது. நீ என்னைய அண்ணன்னு கூப்புடு, இவள மதினின்னு கூப்புடு" என்றார். நான் திருச்சிக்காரி. எங்கள் பக்கம் அண்ணன் மனைவி அண்ணிதான். திருநெல்வேலிக்காரரிடம் அதைச் சொல்லி ஜெயிக்க முடியுமா? மதினி என்றே கூப்பிட்டேன். இன்று வரைக்கும் அப்படித்தான்.

மதினி என்னோடு தினமும் போனில் பேசுகிறாள். தப்பு, நான்தான் தினமும் காலையில் கூப்பிடுகிறேன். மூன்றாவது ரிங்குக்குள் எடுத்துவிடுவாள். என்றைக்காவது எடுக்காவிட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் என் கால் நகராது. ஏன் இந்தப் பயம் என்று என் வீட்டுக்காரர் கேட்பதில்லை. அவருக்கும் தெரியும்.

கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஐந்து பேர் நின்றாலே அது முனகும். காலை நேரத்தில் அதன் வாசலில் அண்ணன் நிற்பார். வருகிறவர்களை எல்லாம் உள்ளே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் வெளியே நிற்பார். ஒருநாள் எங்கள் மாடியில் இருந்த ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ் பெண் ஒருத்தி உள்ளே ஏறிவிட்டுத் திரும்பினாள். இவர் கையை ஆட்டினார். அவள் வெளியே வந்து, "யெஸ் சார்?" என்றாள். இவர் இன்னும் வேகமாக ஆட்டினார். அவள் இன்னும் கிட்டே வந்தாள். அதற்குள் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு கீழே போய்விட்டது. அந்தப் பெண் ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கையைப் பிசைகிறாள், இவர் திருதிருவென்று முழிக்கிறார். கதவருகில் நின்ற மதினி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அய்யோ, அவுக போகச் சொல்லுதாக! அவுக கை வான்னு காட்டுனா போன்னு அர்த்தம்!"

நான்தான் அதை இங்கிலீஷில் சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து மாடி முழுக்க அது ஒரு வேடிக்கை. அண்ணன் கை வான்னா போ. என் வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டால்கூட நான் அதே கையைக் காட்டுவேன். சிரித்துச் சிரித்தே அதை நாங்கள் மனப்பாடம் செய்துவிட்டோம். அந்தச் சிரிப்பு வேறொரு இடத்தில் எங்களுக்காகக் காத்திருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

மதினி நேர்மாறு. ஏழு மணி என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷம் முன்னாலேயே செருப்பு மாட்டி வாசலில் நிற்பாள். ஈசா டவுனில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. இத்தனை வருஷத்தில் அவளால் பஸ் காத்திருந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். இப்படி ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் கட்டிவைத்தவர்களைத்தான் பிடித்து உதைக்க வேண்டும் என்று நான் அவள் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவள் கோபப்பட மாட்டாள். "வந்துருவாக" என்பாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்தினாள்.

அவள் அப்பா இறந்தபோதும் அப்படித்தான். செய்தி வந்த அன்றைக்கே அண்ணன் டிக்கெட் போட்டார், அவளுக்கு மட்டும். ஏர்போர்ட்டில் வைத்து, "நீ போ, நான் லீவு சொல்லிட்டுப் பின்னாலயே வாரேன்" என்றார். எடுக்கப் போகிற நேரம் வரைக்கும் அந்த வீட்டில் மருமகனுக்காகப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ரெண்டு பெட்டியோடு வந்து இறங்கினாராம். அதைக் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. "நீங்க ஒண்ணுமே கேக்கலையா மதினி?" என்றேன். "என்னத்தக் கேக்க? வந்துட்டாகள்ல" என்றாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டடத்தில் தீ அலாரம் அடித்தது. படிக்கட்டில் புகை. பிள்ளைகள் அலறல். எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு இறங்குகிறோம். எங்கள் மாடித் திருப்பத்தில் அண்ணன் சுவரோடு சாய்ந்து நின்று வழிவிட்டு, அந்தக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நீங்க போங்க, நீங்க போங்க. மேல்மாடிக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்த பிறகும் அவரைக் காணோம். மதினி ரோட்டில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. வந்துருவாக, வந்துருவாக. கடைசியில் அவர் வந்தார். கையில் யாரோ விட்டுவிட்டுப் போன பூனைக்குட்டி. யார் வீட்டிலோ பிரியாணி அடிப்பிடித்த புகை அது, வேறொன்றும் இல்லை. ஆளாளுக்குச் சிரித்தோம். அவர் சட்டையெல்லாம் கரி. நல்ல மனுஷர், எங்களை எல்லாம் முன்னால் அனுப்பிவிட்டுத் தான் நின்றாரே என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். நானும் புகழ்ந்தேன்.

ஆனால் நான் ஒன்று பார்த்திருந்தேன். அதை மதினியிடம் சொன்னதில்லை. ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு எல்லாரும் கிளம்பினோம். வழக்கம்போல எங்களை முன்னால் அனுப்பினார். நான் போனை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அண்ணன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஷூ எல்லாம் மாட்டி, வாரின தலை கலையாமல். ஏசி அணைத்திருந்தது. டிவி இல்லை, போன் இல்லை. சும்மா வாசலைப் பார்த்துக்கொண்டு.

"என்னண்ணே, கிளம்பலையா?"

"கெளம்பிட்டேன் தங்கச்சி." கொஞ்சம் வெட்கப்பட்டார். "எல்லாரும் போனப்புறம் செத்த நேரம் இப்படி இருக்கது எனக்குப் பிடிக்கும். சத்தம் எல்லாம் அடங்கிரும் பாத்தியா? நீ போ. நான் பின்னாலயே வாரேன்."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

சத்தம் அடங்குகிற இடம் ஒன்றை அவர் அதற்குப் பிறகு கண்டுபிடித்தார். தண்ணீருக்குள்ளே. எங்கிருந்தோ ஒரு கண்ணாடி முகமூடியும் மூச்சு விடுகிற குழாயும் வாங்கிவந்து, மொட்டை மாடி நீச்சல் குளத்தில் குப்புறப் படுத்துப் பழக ஆரம்பித்தார். ஆள் நன்றாக நீந்துவார். ஆனால் அதில் நீந்துகிற வேலையே இல்லை. முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்துக் கைகாலை விரித்துவிட்டு அப்படியே மிதப்பார். முதல்நாள் அதைப் பார்த்த எங்கள் நாத்தூர், வங்காளத்து வாட்ச்மேன், "சார் கலாஸ்! சார் கலாஸ்!" என்று கத்திக்கொண்டே எங்கள் கதவைத் தட்டினான். சார் முடிந்தார் என்கிறான். நானும் என் வீட்டுக்காரரும் மூச்சிரைக்க மாடிக்கு ஓடினோம், பின்னாலேயே மதினி படியேறி வந்தாள். எங்கள் காலடிச் சத்தத்தில் அவர் நிதானமாகத் தலையைத் தூக்கி, "என்ன, எல்லாரும் குளிக்க வந்தியளா?" என்றார். மதினி துண்டை அவர் மேல் எறிந்துவிட்டுக் கீழே போய்விட்டாள். அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் சமையல் இல்லை, நான்தான் தோசை கொடுத்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் நாங்கள் நாலு பேரும் ஒரு கப்பல் பயணம் போனோம். யோசனை என் வீட்டுக்காரருடையது. துபாய்க்கு விமானத்தில் போய் அங்கே கப்பல் ஏற வேண்டும். ஒரு வாரம். ராத்திரி எல்லாம் கப்பல் ஓடும், பகலில் ஏதாவது ஒரு துறைமுகத்தில் நிற்கும், இறங்கி ஊர் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் ஏறிவிட வேண்டும். கப்பல்காரர்களே பஸ் வைத்துக் கூட்டிப்போவார்கள். அதில் போனால் தாமதமானாலும் கப்பல் நிற்கும். தனியாகப் போனால் நிற்காது.

ஃபுஜைராவில் தனியாகத்தான் போக வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். வடக்கே ஒரு கடற்கரை இருக்கிறதாம். கரைக்குப் பக்கத்திலேயே தண்ணீருக்குள் ஒரு பெரிய பாறை. அதைச் சுற்றிப் பவளம், மீன், ஆமை எல்லாம். வீடியோ பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்.

"கப்பல்காரன் கூடப் போனா ஒரு மீனை இருவது பேரு எட்டிப் பாக்கணும்" என்றார். "கூட்டமாப் போயி கூட்டமா வாரதுக்கு இவ ஸ்கூல் பஸ்ஸு போதாதா?"

அன்று காலை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தனியாகப் போகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது, நேரத்தைக் கவனியுங்கள் என்று. மதினி இரண்டு தரம் என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். அண்ணன் சிரித்தார். "கப்பல் போனாப் போகட்டும். நாம பின்னாலயே போவோம்."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள் மதினி. சிரிக்கவில்லை.

துறைமுகத்துக்குள் நடக்க விட மாட்டார்கள். கேட் வரைக்கும் ஒரு பஸ்ஸில் கொண்டுவந்து விட்டார்கள். வெளியே டாக்ஸிக்காரர்கள். பாகிஸ்தானிப் பெரியவர் ஒருவர், மருதாணிச் சிவப்புத் தாடி, போகவரக் கூடவே இருக்கச் சம்மதித்தார். ஒரு பக்கம் மொட்டை மலை, ஒரு பக்கம் கடல், அரை மணிக்கு மேல் ஓட்டம். போகிற வழியிலேயே அண்ணன் திட்டத்தைச் சொன்னார். கடற்கரையின் வடக்குக் கோடியில் ரோடு வளைகிற இடத்தில் ஒரு டீக்கடை தெரிந்தது. "நேரமாயிட்டுன்னா நீங்க காரை எடுத்துட்டு அங்க போயிருங்க. நான் நீந்தி அந்தப் பக்கம் ஏறிருவேன்" என்றார். எங்களுக்கு அது விநோதமாகப் படவில்லை. அவர் எங்களோடு சேர்ந்து ஒரே காரில் ஏறியிருந்தால்தான் விநோதம்.

கடற்கரையின் தெற்கே கொஞ்ச தூரத்தில் ஒரு ஹோட்டல், அங்கே குடைகளும் ஆட்களும். எங்கள் பக்கம் யாரும் இல்லை, காவலுக்கும் ஆளில்லை. டிரைவர் காரை நிழலில் விட்டுவிட்டு, "ஜல்தி ஆனா", சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று சொல்லி சீட்டைச் சாய்த்தார். பாறை நிஜமாகவே பக்கத்தில்தான் இருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். தண்ணீர் பச்சைக் கண்ணாடி. மதினி கரையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் தன் வாட்சையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி அவள் மடியில் போட்டார். அவள் கண்ணாடியை முந்தானையில் துடைத்துக் கைக்குட்டையில் பொதிந்து வைத்தாள்.

என் வீட்டுக்காரருக்குக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஆகாது. நான்தான் லைஃப் ஜாக்கெட்டையும் அண்ணன் எனக்கென்று வாங்கியிருந்த முகமூடி, குழாயையும் மாட்டிக்கொண்டு அவரோடு இறங்கினேன். சுடிதார் நனைந்து காலைப் பின்னியது. இடுப்பளவு போனதும், "மொகத்தை உள்ள வையி, மூச்சை வாய்ல விடு, பயப்படாத" என்றார். வைத்தேன். அட கடவுளே! மேலே ஒன்றுமே இல்லாத கடலுக்குக் கீழே ஒரு தெருவே நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் வரி போட்ட மீன்கள் கூட்டமாக என் முழங்கையை உரசிக்கொண்டு போயின. கிளிமூக்கு மாதிரி வாய் உள்ள நீல மீன் ஒன்று பாறையைக் கறுக் கறுக்கென்று கடித்தது. அந்தச் சத்தம்கூடக் கேட்டது. அது தவிர வேறு சத்தமே இல்லை. நான் என் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். அண்ணன் என் முழங்கையைப் பிடித்தபடி ஒவ்வொன்றையும் விரலால் காட்டினார். பல வருஷமாக எங்கள் எல்லாரையும் விட்டுத் தனியாக அவர் எங்கே போக ஆசைப்பட்டார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. எனக்கே வெளியே வர மனசில்லை.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். நான் கையைக் காலை ஆட்டவில்லை. தண்ணீரும் அசையாத மாதிரிதான் இருந்தது. ஆனால் கீழே மணலில் விழுந்த என் நிழல் நகர்ந்து நகர்ந்து பாறைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் மதினி சின்னதாகத் தெரிகிறாள். காலை ஊன்றப் பார்த்தேன், தரை இல்லை. அலறிவிட்டேன்.

அண்ணன் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கால் எட்டுகிற இடத்தில் விட்டார். அவருக்கே மூச்சிரைத்தது. "ஒண்ணுமில்ல, லேசா இழுக்கு. நீ கரைக்குப் போ. நான் அந்தப் பாறைக்குப் பொறத்தால ஆமை கெடக்கான்னு பாத்துட்டுப் பின்னாலயே வாரேன்."

"வேணாம்ணே. வாங்க, சேர்ந்தே போலாம்."

கையைக் காட்டினார். அதே கை. நான் போனேன்.

குழாயின் ஆரஞ்சு நுனி பாறையைச் சுற்றிப் போய் மறைந்தது. நான் துவட்டிக்கொண்டேன், தேநீர் குடித்தோம், மதினி ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாள். அவருடைய பங்கைத் தனியாக மூடிவைத்தாள். கிளம்பும் நேரம் ஆவதற்கு முன்பே விரிப்பை உதறி மடித்துவிட்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். என் வீட்டுக்காரர் கையைக் குவித்து, "அண்ணே! நேரமாச்சு!" என்று கத்தினார்.

அப்போது அவர் தெரிந்தார். பாறைக்கு அந்தப் பக்கம், நாங்கள் எதிர்பார்த்ததைவிடத் தள்ளி. தலையும் ஒரு கையும். கை தோளுக்கு மேலே உயர்ந்தது. விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன.

வா என்று கூப்பிடுகிற கை. நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். மூன்று பேருக்கும் அர்த்தம் தெரியும்.

"போகச் சொல்லுதாக" என்றாள் மதினி. "டீக்கடைப் பக்கம் ஏறிருவாக. வாங்க, காரை எடுத்துட்டுப் போயி அங்கன நிப்போம்."

"கப்பலுக்கும் பின்னாலேயே நீந்தி வந்துடுவார்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நாங்கள் சிரித்தோம். பையைத் தூக்கிக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய நடந்தோம். அண்ணனுடைய செருப்பை மதினி கையில் எடுத்துக்கொண்டாள்.

டிரைவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார்.

"வோ ஆத்மி புலா ரஹா ஹை" என்றார். அந்த ஆள் கூப்பிடுகிறார் என்று.

"நஹி பாய்." என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சிரித்துக்கொண்டே விளக்கினார். அவர் கை அப்படித்தான், வான்னா போன்னு அர்த்தம், எங்க பில்டிங்ல எல்லாருக்கும் தெரியும் என்று. லிஃப்ட் கதையைக்கூட ஆரம்பித்தார். டிரைவர் சிரிக்கவில்லை. அவருக்கு எங்கள் அண்ணனைத் தெரியாது. தெரியாததால் கையை மட்டும் பார்த்தார்.

"நஹி பெஹன்ஜி" என்றார், மதினியைப் பார்த்து, மெதுவாக. "புலா ரஹா ஹை."

மதினி திரும்பினாள். நாங்களும் திரும்பினோம். இப்போது இரண்டு கைகள் மேலே இருந்தன.

இரண்டு கையால் அவர் யாரையும் எங்கேயும் அனுப்பியதில்லை.

செருப்பு கீழே விழுந்தது. மதினி ஓடினாள். ஐயோ, அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை, ஓடவேண்டிய அளவுக்கு அவள் எதற்குமே பிந்தியதில்லை. சேலையோடு மார்பளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். என் வீட்டுக்காரர், கணுக்கால் தண்ணீருக்குப் பயப்படுகிற மனுஷர், பின்னாலேயே பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார். "விடுங்க! கூப்புடுதாக! என்னையக் கூப்புடுதாக!" என்று அவர் கையைக் கடித்தாள். டிரைவர் ஹோட்டல் பக்கம் கத்திக்கொண்டு ஓடினார். நான் அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் போய்விடும் என்று இமைக்காமல் பார்த்தேன். ஒரு அலை வந்தது. அப்புறம் கை இல்லை.

ஹோட்டலிலிருந்து படகு வந்தது. பிறகு போலீஸ் படகும் வந்தது. பாறையைச் சுற்றினார்கள், அதற்கு அப்பாலும் போனார்கள். குழாய் மட்டும் கிடைத்தது. அதை மதினியிடம் யாரும் கொடுக்கவில்லை, டிரைவர் வாங்கித் தன் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.

பொழுது சாயும்போது எங்கள் கப்பல் எதிரே கடலில் வடக்குப் பார்த்துப் போனது. மாடி மாடியாக விளக்கு போட்டிருந்தார்கள். அதற்குள் எங்கேயோ எங்கள் அறைகள், அவர் காலையில் கழற்றிப் போட்ட லுங்கி. மதினி நனைந்த சேலையோடு மணலில் உட்கார்ந்து அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தாள். "வந்துருவாக" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். மறுநாள் காலையில் மீன்பிடிக்கிறவர்கள் அவரைக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, போலீஸ், தூதரகம் என்று என் வீட்டுக்காரர் அலைந்தார். கடைசியில் துபாயிலிருந்து திருவனந்தபுரம் போகிற விமானத்தில் பெட்டிக்கு இடம் கிடைத்தது. அதே விமானத்தில் மதினிக்கு சீட் கிடைக்கவில்லை, மறுநாள்தான். கார்கோ பகுதிக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். பழக்கூடைகளுக்கும் டிவி பெட்டிகளுக்கும் நடுவில் அந்தப் பெட்டி இருந்தது. மேலே அவர் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

மதினி அத்தனை நாளும் அழவில்லை. அன்றைக்கும் அழவில்லை. கிட்டே போனாள். கைக்குட்டையில் பொதிந்திருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தாள். உள்ளே வைக்க முடியாது என்று தெரிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டாள். தள்ளுவண்டிக்காரன் நேரமாகிறது என்று சைகை செய்தான். வண்டி நகர்ந்தது. அவள் கூடவே நாலு எட்டு நடந்து, மஞ்சள் கோடு வந்ததும் நின்றாள். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கினாள். விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள்.

"நீங்க போங்க" என்றாள், பக்கத்து வீட்டுக்குப் போகிறவரிடம் சொல்கிற மாதிரி. "நான் பின்னாலயே வாரேன்."

என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நான் ஓடிப்போய் அவளுடைய அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்த பிடியை ராத்திரி வரைக்கும் விடவில்லை. அந்த வார்த்தையை அண்ணன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், நான் பயந்ததில்லை. அவர் சொன்னால் வர மாட்டார்.

மதினி அப்படி இல்லை. சொன்னால் வந்துவிடுவாள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே, செருப்பு மாட்டி, வாசலில் நிற்பாள்.